பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேச உதவி தேவை
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவி, பாய்களைச் சுருட்டி, கோயிலைப் பெருக்கிவிட்டுக் கடைசியாகப் போகிற அக்கா ஒருவர், “பாடகர் குழுவில் இருக்கிறவர்களைப் போல நான் என்ன செய்துவிட்டேன்?” என்று சோர்ந்துபோயிருக்கிறார். அவரைப் போன்றவர்களை மனதில் வைத்து பெண்கள் ஐக்கியத்தில் பேசப்போகிறேன்.

1 சாமுவேல் 30-ஐ எடுத்திருக்கிறேன். பேசோர் ஆற்றண்டையில் களைத்துத் தங்கி, சாமான்களைக் காத்த 200 பேருக்கும் போருக்குப் போனவர்களோடு சரிபங்கு என்றார் தாவீது. எதிர்ப்பு இருந்தும் அதையே பிரமாணமாக்கினார்! அப்புறம் யோவான் 21-இல் பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டி “இவன் காரியம் என்ன?” என்று கேட்டதற்கு, “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்று இயேசு சொன்னதையும் சேர்த்திருக்கிறேன்.

இதோடு சேர்க்க வேதத்திலிருந்து ஒரு பெண்ணின் உதாரணம் சொல்லுங்களேன். விதவைகளுக்கு உடைகள் செய்துகொடுத்த தொற்காளைப் பற்றிப் போன கூட்டத்திலேயே பேசிவிட்டார்கள். உங்கள் சபையில் இப்படிச் சோர்ந்தவர்களை எப்படித் தேற்றினீர்கள் என்றும் எழுதுங்கள்.