சுங்கை சிப்புட்டுக்கு வந்த தம்பிக்கு: எடை மேடைக்கு யாருடைய பாஸ்வேர்டு?

கேள்வி: அண்ணே, போன மாதம்தான் மதுரையிலிருந்து மலேசியாவில் இருக்கும் இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வந்தேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி. லாரிகளை எடை போடும் எடை மேடைக் கணினியிலிருந்து வரும் தகவலை, கிளவுடில் இருக்கும் ஏபிஐ கேட்வே (கோரிக்கைகளைச் சரிபார்த்து உள்ளே விடும் வாசல்) வழியாக வாங்குகிறோம். ஆலையில் எல்லோரும் ஒரே கணக்கில்தான் உள்ளே போகிறார்கள். மாற்றச் சொன்னால், வந்ததும் குறை சொல்கிறான் என்று நினைப்பார்களோ?

பதில்: மாற்றச் சொல்லுங்கள் தம்பி. ஆனால் கூட்டத்தில் எழுந்து சொல்வதற்கு முன்னால், ஒரு மத்தியானம் எடை மேடை அறையில் போய் உட்காருங்கள். அங்கே இருக்கும் அண்ணன்மார் பலர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள். ஆலையைப் பற்றி நமக்குத் தெரியாதது அவர்களுக்கு நிறையத் தெரியும். ஒரே பெயரில் எல்லோரும் போனால், யாரோ போட்ட தப்பு எடை இன்னொருவர் தலையில் விழும். அதை எடுத்துச் சொன்னால் அவர்களே உங்கள் பக்கம் பேசுவார்கள்.

நான் வந்த புதிதில் ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். கணினித் திரைக்குக் கீழே காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்று ஷிப்டுக்கும் அது ஒன்றுதான். எடைச் சீட்டுகளைக் கிளவுடுக்கு அனுப்பும் நிரலும் அதே கணக்கில்தான் ஓடியது. கணக்கு ஒரு கிளார்க் பெயரில் இருந்தது. அவர் வேலையை விட்டதும் முறைப்படி கணக்கை மூடிவிட்டார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் அன்று ராத்திரி கேட்வே ஒவ்வொரு சீட்டையும் 401, அதாவது அடையாளம் செல்லாது என்று திருப்பியடிக்க, எடை மேடையே நின்றுபோனது. லாரிகள் வாசலைத் தாண்டிச் சாலை வரை நின்றன. செம்பனைக் குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி, தரம் இறங்கிவிடும். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஓர் அண்ணன் காகிதத்தில் எடை எழுதினார். அந்த ராத்திரிதான் மனிதருக்குத் தனி வழி, இயந்திரத்துக்குத் தனி வழி என்பது எனக்கு உறைத்தது.

மனிதருக்கு ஓப்பன்ஐடி கனெக்ட் போதும், அதாவது ஆளின் அடையாளத்தைத் தனிப் பக்கம் ஒன்று சரிபார்த்துச் செயலிக்குச் சொல்லும் முறை. ஒருமுறைக் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் (தற்காலிக மின் அனுமதி) வாங்கும் ஆத்தரைசேஷன் கோட் முறையோடு, அந்தக் குறியீட்டைத் திருடியவர் பயன்படுத்த முடியாமல் செய்யும் பிகேசிஇ-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை அடையாளம் சரிபார்க்கும் பக்கத்தில் மட்டும்தான் அடிக்க வேண்டும், உங்கள் செயலியின் கைக்கு அது வரவே கூடாது. பயனரின் பாஸ்வேர்டைச் செயலியே வாங்கி டோக்கன் எடுக்கும் பழைய முறையைப் பயன்படுத்தவே கூடாது என்று 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொல்கிறது. மேலதிகாரி கேட்டால் இதைக் காட்டுங்கள்.

இயந்திரத்துக்கு கிளையண்ட் கிரெடென்ஷியல்ஸ் முறை, அதாவது நிரல் தன் சொந்தப் பெயரிலேயே டோக்கன் வாங்குவது. ஒவ்வோர் எடை மேடைக்கும் தனி கிளையண்ட் (நிரலுக்கான கணக்கு), சீட்டு அனுப்ப மட்டும் அனுமதி. ஏபிஐ கீ (செயலியை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) கொடுத்தால் போதாதா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். போதாது. அது எந்தச் செயலி கூப்பிடுகிறது என்று எண்ணவும், அளவு வைக்கவும்தான் உதவும். அனுமதி தர அதை நம்பாதீர்கள் என்று அமேசானின் கிளவுட் ஆவணமே சொல்கிறது. முடிந்தால் ரகசியச் சொல்லையும் விட்டுவிட்டு, கணினியிலேயே ஒரு தனிச் சாவி வைத்துக் கையெழுத்திட்டு டோக்கன் கேட்கச் செய்யுங்கள்.

அப்படிச் செய்தால் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே சாயங்கால இடி மழையில் கரண்ட் போவது உங்களுக்கும் பழகிவிடும். ஒரு தடவை கரண்ட் வந்த பிறகும் டோக்கன் கிடைக்கவே இல்லை. சாவியை மாற்றினோம், வலையைச் சோதித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கணினி நேரம் 9 நிமிடம் பின்தங்கியிருந்தது. 5 நிமிடம் மட்டுமே செல்லும்படி அது கையெழுத்திட்ட கோரிக்கை, போய்ச் சேரும்போதே காலாவதி ஆகியிருந்தது. பேட்டரியை மாற்றி, வலை வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி போட்ட பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

கேட்வேயில் டோக்கனைச் சரிபார்க்கும்போது கையெழுத்து, காலாவதி இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். எந்தச் சேவைக்காகக் கொடுத்த டோக்கன் என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் லீவு விண்ணப்பச் செயலிக்குக் கொடுத்த டோக்கன் எடை மேடையிலும் செல்லும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நன்றி அண்ணே. ஒருவரின் கணக்கை நிறுத்தினால் அவர் வழி உடனே அடைபடுமா?

பதில்: உடனே அடைபடாது. கையில் இருக்கும் டோக்கன் காலாவதியாகும் வரை ஓடும். அமேசானின் உள்நுழைவுச் சேவையான காக்னிட்டோ என்றால் வழக்கமாக ஒரு மணி நேரம். அனுமதியை முடிவு செய்ய நாமே எழுதும் லாம்டா ஆத்தரைசர் வைத்திருந்தால், அது சொன்ன பதிலைக் கேட்வே வழக்கமாக 300 விநாடி வரை நினைவில் வைத்திருக்கும். நான் மனிதர் டோக்கனை 15 நிமிடமாகக் குறைத்து வைக்கிறேன். அப்புறம், எந்தத் தோட்டத்துக் கணக்கை யார் பார்க்கலாம் என்பது கேட்வேக்குத் தெரியாது. அதை உள்ளே இருக்கும் சேவைதான் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

இதை அலட்சியமாக விடாதீர்கள். அந்தச் சீட்டில் லாரி ஓட்டுநரின் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கின்றன. பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவு நடந்தால், 2025 ஜூன் 1 முதல் இங்கே மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லோரும் ஒரே கணக்கில் போனால், யார் எடுத்தார்கள் என்று அதற்குள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பழைய கணக்கை ஒரேயடியாக மூடாதீர்கள். புதிய கிளையண்டை ஓடவிட்டு, இரண்டு வாரம் பதிவேட்டைப் பாருங்கள். எங்கிருந்து பழைய பெயர் வருகிறதோ அதை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றும் வராத நாள் வந்ததும் மூடலாம், சரியா? குலை அதிகம் வரும் மாதங்களில் மட்டும் வேண்டாம். காலை ஷிப்டில் மூடுங்கள், அன்று முழுக்க எடை மேடை அறையிலேயே இருங்கள்.