இடுப்பு பெல்ட் கட்டினா அவர்கிளாஸ் ஷேப் வருமா?

ஹட்டன் பொண்ணு:
அக்காமாரே, தை மாசம் எனக்கு கல்யாணம், ஒன்லைன்ல ஒரு பெல்ட் விக்கிறாங்க, டெய்லி இறுக்கிக் கட்டினா இடுப்பு மணல் கடிகாரம் மாதிரி ஆயிரும்னு போட்டிருக்கு, உண்மையா? யாராச்சும் கட்டிப் பார்த்தீங்களா?

பண்டாரவளை அக்கா:
வேணாம் தங்கச்சி. கட்டியிருக்கும்வரை தான் சிறுசா தெரியும், கழட்டினா பழையபடி தான், கொழுப்பு எங்கயும் போகாது, ரொம்ப இறுக்கினா மூச்சு முழுசா எடுக்க முடியாது, நெஞ்சும் எரியும். எலும்போட அகலம் பொறப்புலயே வர்றது. ஃபேஷன் மாறிக்கிட்டே தான் இருக்கும், 1920கள்ல இடுப்பே தெரியாத நேர் கவுன் தான் அழகுன்னாங்க, 1947ல பாரிஸ்ல டியோர்ங்கிற டிசைனர் இடுப்பை ஒடுக்கி பாவாடையை விரிச்சுத் தைச்சாரு. எங்கம்மா கொழுந்துக் கூடையோட மலை ஏறின உடம்பு, அதை யாராச்சும் குறை சொன்னா எனக்கு கோவம் வரும்.

டீமேக்கர்:
மணல் கடிகாரத்துக்கு அந்த இடுப்பு அழகுக்காக வச்சதில்ல. மேல மணல் கூட இருந்தாலும் குறைய இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல விழும், தண்ணின்னா குறையக் குறைய மெதுவாகும், முந்தி கப்பல்ல எல்லாம் இத வச்சு நேரம் பாத்தாங்க. 1338ல இத்தாலி சியேனாவுல வரைஞ்ச சுவரோவியத்துல நிதானத்தைக் குறிக்கிற பொண்ணு கையில தான் இது இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்ச படம்.

ஹட்டன் பொண்ணு:
நன்றிக்கா. பெல்ட் வாங்கல, அந்த காசுக்கு பிளவுஸை நல்ல டெய்லர்கிட்ட குடுக்கிறேன், ஹட்டன்ல யாரு நல்லா தைப்பாங்க?