சூடானா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது: 100 சிசி கார்ப்பரேட்டர் வண்டி

பொருநைக்கரை:

வண்டி 100 சிசி, கார்ப்பரேட்டர் மாடல், 64,000 கிமீ ஓடியிருக்கு. செல்ஃபும் கிக்கரும் உண்டு. காலைல ஒரே கிக்குல எடுக்குது. பாளையங்கோட்டைல இருந்து ஆலங்குளம் வரைக்கும் ஒரு மிஸ்ஸிங் கிடையாது, ஐடிலிங்கும் நல்லாத்தான் நிக்குது. அங்க நிப்பாட்டி டீ குடிச்சுட்டு வந்து அடிச்சா எடுக்காது. செல்ஃப் நல்லா சுத்துது. கிக்கரையும் இருபது முப்பது தடவை மிதிச்சாச்சு, 'டுப்'புனு ஒரு சத்தம்கூட இல்ல. அரைமணி நேரம் நெழல்ல விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புது. நிப்பாட்டி ஒரு நிமிஷத்துக்குள்ள அடிச்சாலும் எடுத்துக்கிடுது. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தகராறு.

சோக் இழுத்துப் பாத்தாச்சு, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகியும் பாத்தாச்சு. மாத்தம் இல்ல. பிளக், பேட்டரி, ஏர் ஃபில்டர் மூணும் புதுசு. கார்ப் கழட்டி சுத்தம் பண்ணியாச்சு. இப்ப ஒர்க்‌ஷாப்புல இன்ஜின் போர் பண்ணணும்ங்காங்க (சிலிண்டரைக் கடைஞ்சு புது பிஸ்டன், ரிங் போடுத வேலை). அதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்?


ஸ்பேனர்13:

போர் வேலைய இப்பம் தொடாதீங்க. ரிங் தேஞ்ச வண்டி காலைலயும் இழுத்தடிக்கும், எண்ணெயும் குடிக்கும். அரைமணி நேரத்துல தானாச் சரியாவாது.

நீங்க எழுதினதுல முக்கியமான வரி 'பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தகராறு'ங்குததுதான். ஓடும்போது காத்து பட்டு இன்ஜின் ஆறிக்கிட்டே இருக்கு. நிப்பாட்டுனதும் காத்து நின்னுரும், ஹெட்டுல இருக்க சூடு மெள்ள வெளிய பரவும். அதனால கார்ப், காயில், மேக்னட் (இன்ஜினோட சுத்தி கரண்ட் தர்ற காந்தச் சக்கரம்) கவர் எல்லாம் ஓடும்போது இருந்த சூட்டைவிட, நிப்பாட்டி அஞ்சு முதல் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ளதான் அதிகமாச் சுடும். அந்த நேரத்துல எது போகுதுன்னு அந்த நேரத்துலயே பாக்கணும். ஆறுன வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு உருட்டிட்டுப் போனா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மெக்கானிக்கும் கையில கிடைச்சதை மாத்துவாரு.

ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு பழைய நல்ல பிளக், கனமான துணி. இவ்வளவும் சீட்டுக்கு அடியில இருக்கட்டும். அடுத்த தடவை எடுக்காம நிக்கும்போது, பத்து கிக்குக்கு மேல அடிக்காம பிளக்கைக் கழட்டுங்க. சுடும், துணி வச்சுப் பிடிங்க. முனை பெட்ரோல்ல நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா, அதை மொதல்ல மனசுல வச்சுக்கிடுங்க. பிறகு பழைய பிளக்கை பிளக் வயரோட கேப்புல மாட்டி, அதோட இரும்பு உடம்பை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இடத்துல அழுத்தி வச்சு கிக் அடிங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல வைக்கக்கூடாது, அங்க இருந்து பெட்ரோல் ஆவி வரும், பத்திக்கிடும். பிளக்கை எர்த் ஆக்காம கேப்பைத் தொங்க விட்டுட்டும் அடிக்காதீங்க, சிடிஐ (பொறிய சரியான நேரத்துல விடுத எலக்ட்ரானிக் பெட்டி) போயிரும். பட்டப்பகல்ல பொறி தெரியாது, துண்டால வெளிச்சத்தை மறைச்சுப் பிடிச்சுப் பாருங்க.

பொறியே இல்லன்னா கரண்ட் பிரச்சினை. நீலமாப் பளிச்சுனு பொறி இருந்து பிளக் நனைஞ்சிருந்தா பெட்ரோல் கூடுது. பொறி இருந்து பிளக் காஞ்சிருந்தா பெட்ரோல் வரல. மூணையும் விட்டுட்டு நாலாவதா வேணும்னா கம்ப்ரஷனைப் பேசலாம்.


நாற்கரம்44:

டேங்க் மூடிய மறந்துட்டீங்களே அண்ணாச்சி. மூடில இருக்க காத்துத் துவாரம் அடைஞ்சாலும் இதே கூத்துதான். சாவி போட்டு மூடியத் திறக்கும்போது 'உஸ்'ஸுங்குதான்னு கேளுங்க.


ஸ்பேனர்13:

கேக்கலாம், காசு செலவில்லாத வேலை. ஆனா துவாரம் அடைஞ்சா வண்டி ஓடும்போதே திணறும், குலுங்கும், ஆஃப் ஆகும். இவருக்கு ஆலங்குளம் வரைக்கும் ஒரு மிஸ்ஸிங் இல்லங்காரு. வேற ஒரு வழியில மூடி தொல்லை கொடுக்கும். வெயில்ல நிக்கும்போது டேங்குக்குள்ள ஆவி அழுத்தம் ஏறி, கார்ப்புல நீடில் வால்வைத் தள்ளிக்கிட்டுப் பெட்ரோல் இறங்கும். அப்படி இருந்தா பிளக் நனைஞ்சிருக்கும், கார்ப்புக்கு அடியில பெட்ரோல் வாடையும் தூக்கும். அந்த மாதிரி நேரத்துல ஆக்சிலேட்டரை முழுசாத் திருகி அடிச்சா நாலஞ்சு கிக்குல கரும்புகையோட எடுத்துரும். இவரு அதையும் செஞ்சு பாத்துட்டாரு.


டேப்பட்_சத்தம்:

பொறி நல்லா இருந்துச்சுன்னா மட்டும் இதைப் படிங்க.

64,000 கிமீல டேப்பட் கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளுத ராக்கருக்கும் இருக்க இடைவெளி) எப்ப செட் பண்ணீங்க? வால்வு சீட்டுல அமுங்க அமுங்க கேப் குறைஞ்சுக்கிட்டே வரும். சத்தமும் குறையும். வண்டி அமைதியா ஓடுதுன்னு நாம சந்தோஷப்படுவோம், ஆனா சூடு ஏறுனதும் வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் கசியும். செட் பண்ணும்போது இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும், ராத்திரி முழுக்க நின்ன வண்டியா இருந்தா உத்தமம். மேக்னட்ல 'டி' கோடு நேர வந்து, ரெண்டு ராக்கரும் லூசா ஆடுனாத்தான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். ஆடலன்னா இன்னும் ஒரு முழுச் சுத்து சுத்துங்க. இந்த ரக வண்டிகள்ல கேப் ரொம்பச் சின்னது, 0.05 முதல் 0.10 மிமீ வாக்குல இருக்கும். உங்க மாடலுக்கு மேனுவல்ல போட்டிருக்க எண்தான் கணக்கு. ஃபீலர் கேஜ் இல்லாம பிளேடு, சிகரெட் அட்டை வச்சு செட் பண்ணுதவங்க கையில கொடுக்காதீங்க.

கம்ப்ரஷன் கேஜ் கிடைச்சா ஆறுனப்ப ஒண்ணு, எடுக்காம நிக்கும்போது ஒண்ணு, ரெண்டு தடவை அளங்க. ரெண்டு தடவையும் ஆக்சிலேட்டர் முழுசாத் திறந்திருக்கணும், இல்லன்னா பொய்க்கணக்கு காட்டும். சூட்டுல நல்லா இறங்கியிருந்தா பிளக் ஓட்டை வழியா 5 மிலி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறுனா ரிங், ஏறலன்னா வால்வு. போர் பண்ணச் சொல்லுதவங்க இந்த அளவைக் காட்டச் சொல்லுங்க.


பொருநைக்கரை:

இன்னைக்கு மத்தியானம் முக்கூடல் பக்கத்துல நிப்பாட்டி, பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தேன். பொறி சுத்தமா இல்ல. பிளக் முனை லேசா ஈரம். கேப்பைக் கழட்டி வயர் முனையில இருந்து பாத்தாலும் இல்ல. இருபது நிமிஷம் கழிச்சு அதே பிளக்குல நீலப் பொறி வந்துட்டு.


ஸ்பேனர்13:

அப்ப பாதிக் கிணறு தாண்டியாச்சு. பெட்ரோல், டேப்பட், போர் எல்லாத்தையும் ஒதுக்கி வைங்க. அந்த ஈரம் எரியாத பெட்ரோல்தான்.

இனி சந்தேகப்பட வேண்டியது நாலு: பொறி விட நேரம் சொல்லுத பல்சர் காயில், மேக்னட்டுக்குள்ள இருந்து சிடிஐக்குக் கரண்ட் தர்ற எக்ஸைட்டர் காயில் (ஏசி சிடிஐ, அதாவது மேக்னட் கரண்ட்லயே சிடிஐ ஓடுத வண்டியா இருந்தா), சிடிஐ, வோல்ட்டை ஏத்தி பிளக் வயருக்கு அனுப்புத ஹெச்டி காயில். பல்சர் காயில்தான் என் மொதச் சந்தேகம். அது மேக்னட் கவருக்குள்ள வெந்துக்கிட்டு கிடக்கு. அது தர்ற வோல்ட் மேக்னட் சுத்துத வேகத்தைப் பொறுத்தது. ரோட்டுல 4,000 ஆர்பிஎம்ல பாதி செத்த காயில்கூட சமாளிச்சுரும். கிக்கர் வேகம் அதுல சின்னப் பங்குதான், அங்க கையை விரிச்சுரும். ஓடும்போது மிஸ்ஸிங் இல்லாம, நின்னா எடுக்காததுக்கு இது பொருந்தி வருது.

ரெண்டு வேலை செய்யுங்க. எடுக்காம நிக்கும்போது நனைச்ச துணிய இடது பக்க மேக்னட் கவர் மேல மட்டும் அஞ்சு நிமிஷம் போடுங்க. எடுத்துருச்சுன்னா தப்பு கவருக்குள்ள. எடுக்கலன்னா அடுத்த தடவை ஹெச்டி காயில் மேல போட்டுப் பாருங்க. தாமிரபரணித் தண்ணி எவ்வளவு குளிர்ச்சியா இருந்தாலும் ஹெட்டுல ஊத்திராதீங்க, ஃபின் விரிசல் விட்டுரும்.

அடுத்தது மல்டிமீட்டர். சிடிஐ பக்கத்துல பல்சர் வயரோட கனெக்டரைக் கழட்டுங்க. ஹோண்டா வழி வயரிங்கா இருந்தா நீலத்துல மஞ்சக் கோடு. அதுக்கும் எர்த்துக்கும் ஓம்ஸ் அளங்க, ஆறுனப்பவும் சூட்டுலயும். செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரில 200 ஓம் காட்டுன காயில் 100 டிகிரில 255 பக்கத்துல காட்டுனா அது இயற்கை, கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. மீட்டர் அளவே காட்டாமப் போனாலோ, சட்டுனு பாதியா இறங்குனாலோதான் காயிலோ அதோட வயரோ போச்சுன்னு அர்த்தம்.

பல்சர் கனெக்டரை மறுபடி மாட்டிட்டு, அப்பவே கருப்புல வெள்ளைக் கோடு போட்ட வயரை சிடிஐல இருந்து கழட்டி ஒரு கிக் அடிங்க. ஏசி சிடிஐ வண்டில சாவி ஸ்விட்ச் அது வழியாத்தான் பொறியக் கொல்லும். பொறி வந்துட்டுன்னா ஸ்விட்ச்தான் கள்ளன். பிறகு சாவியால ஆஃப் ஆகாது, கியர்ல போட்டு அமத்தணும். பாத்துக்கிடுங்க.


தென்காசி_ரோடு:

எஃப்ஐ (கார்ப்புக்குப் பதிலா இன்ஜெக்டர் இருக்க) வண்டிக்கும் இதே வழிதானா?


ஸ்பேனர்13:

பொறி பாக்குதது அதேதான், மத்தது வேற. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டில சாவி போட்டதும் பம்ப் ரெண்டு மூணு செகண்ட் 'ம்ம்'னு ஓடணும். அந்தச் சத்தம் சூட்டுல வரலன்னா பம்ப், ரிலே, கனெக்டர். பம்ப் ஓடி, பிளக் நனைஞ்சு கிடந்தா டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்க. சூடு ஏற ஏற அதோட ஓம்ஸ் இறங்கணும். இறங்கலன்னா இன்ஜின் இன்னும் குளிர்ந்து கிடக்குன்னு நெனச்சு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக்கிட்டே போகும்.


பொருநைக்கரை:

துணி மேக்னட் கவர் மேல போட்டதும் ஆறு நிமிஷத்துல எடுத்துட்டு. மீட்டர்ல ஆறுனப்ப 198 ஓம். சூட்டுல 240ன்னு காட்டுது, கவருக்கு வெளிய வர்ற வயரைப் பிடிச்சு லேசா ஆட்டுனா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. ஆறுனபிறகு எவ்வளவு ஆட்டுனாலும் 198தான்.


ஸ்பேனர்13:

காயில் நல்லா இருக்கு. கவரை விட்டு வயர் வெளிய வர்ற ரப்பர் புஷ்ஷுக்குள்ளயோ, காயில்ல வயர் பத்தவச்ச இடத்துலயோ உள்கம்பி அறுந்து, மேல்தோல் மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. சூட்டுல தோல் இளகி நீளுது, முனை ரெண்டும் விலகுது. ஆறுனா சுருங்கி ஒட்டிக்கிடுது.

கவரைக் கழட்டும்போது வண்டிய வலப்பக்கமாச் சாய்ச்சு வைங்க, சில மாடல்ல எண்ணெய் வரும். கேஸ்கெட் புதுசு ஒண்ணு வாங்கிட்டே கழட்டுங்க. காயில் ஸ்க்ரூவுக்கு இம்பாக்ட் டிரைவர் வேணும், சாதா ஸ்க்ரூடிரைவர்ல தலை வழுக்கிரும். வயரை முறுக்கி டேப் சுத்துதது ஒரு வாரம்கூட வராது. அறுந்த இடத்துக்கு ரெண்டு இஞ்ச் முன்னாடியே வெட்டி, சூடு தாங்குத வயரைப் பத்தவச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. பத்தவச்ச இடம் புஷ்ஷுக்குள்ள மாட்டாம உள்பக்கமா இருக்கணும், மேக்னட்ல உரசாம கிளிப்புலயும் நிக்கணும். கவரை மூடுததுக்கு முன்னாடி ஹேர் டிரையரால ரெண்டு நிமிஷம் சூடு காட்டி, வயரை ஆட்டிக்கிட்டே மீட்டரைப் பாருங்க.


பொருநைக்கரை:

புஷ்ஷுக்குள்ளதான் அறுந்திருந்துச்சு. ஒரே ஒரு இழை மிச்சம் இருந்துச்சு அண்ணாச்சி.