ஒரு தாடையை வைத்து எள்ளுத் தாத்தா யாரென்று சொல்ல முடியுமா?

ஊர்சுற்றி கேட்டது:

ருமேனியாவின் தென்மேற்கில் அனினா என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘பெஷ்தெரா கு ஒவாசெ’ என்று ஒரு குகை. எலும்புக் குகை என்று அர்த்தமாம். 2002 பிப்ரவரியில் குகைகளுக்குள் இறங்கிப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் சிலர், குகைக் கரடிகளின் எலும்புகள் இறைந்து கிடந்த அறையில் ஒரு மனிதனின் கீழ்த்தாடையைப் பார்த்திருக்கிறார்கள். வயது ஏறக்குறைய 40,000 ஆண்டுகள். ‘ஒவாசெ 1’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சரி. அப்புறம் படித்ததுதான் இடிக்கிறது. அந்த ஆளுக்கு நான்கு முதல் ஆறு தலைமுறைக்கு முன்னால் ஒரு நியண்டர்தால் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன இன்னொரு மனித வகை) மூதாதை இருந்தாராம். என் எள்ளுத் தாத்தா பெயரே எனக்குத் தெரியாது. எப்போதோ செத்துப்போன ஒருவனுடைய எள்ளுத் தாத்தாவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? என் மச்சான் ‘கதை விடுகிறார்கள்’ என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லவி:

நான் பல் டாக்டர். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், வீட்டில் வைத்ததுதான். மரபணு நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, அதனால் முதலில் தாடையைப் பற்றிச் சொல்கிறேன்.

கீழ்த்தாடை பின்னால் போய் மேலே எழும்புகிறது இல்லையா, அந்தத் தட்டையான பகுதியின் உள்பக்கத்தில் ஒரு துளை உண்டு. கீழ்வரிசைப் பற்களுக்கான நரம்பு அது வழியாகத்தான் எலும்புக்குள் நுழைகிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும் முன் மரத்துப்போக ஊசி போடுவது அதன் பக்கத்தில்தான். துளை கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் எலும்பின் விளிம்பைத் தடவிப் பார்த்து, இங்கேதான் இருக்கும் என்று ஊசியை விடுவோம். படிக்கிற காலத்தில் இரண்டு முறை தவறவிட்டு நோயாளியிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். அதனால் எந்தத் தாடைப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

நமக்குப் பெரும்பாலும் அந்தத் துளையின் விளிம்பு ஓரிடத்தில் பிளந்து திறந்திருக்கும். நியண்டர்தால்கள் பலருக்கு அந்தப் பிளவின் மேல் எலும்பே பாலம் போட்டு, துளை படுக்கைவாட்டில் நீள்வட்டமாக இருக்கும். ஒவாசெ 1-ல் ஒரு பக்கம் நம்மைப் போல, மறுபக்கம் அவர்களைப் போல! மோவாய் சந்தேகமில்லாமல் நம்முடையது. ஞானப்பல்லோ அநியாயத்துக்குப் பெரியது.

பழைய மனித எலும்புகளை ஆராயும் எரிக் டிரிங்காஸ் போன்றவர்கள் இதையெல்லாம் கலப்பின் அடையாளமாகப் பார்த்தார்கள். பலர் ஏற்கவில்லை. அதில் தப்பும் சொல்ல முடியாது, அந்தப் பாலம் இன்றைக்கும் சிலருக்கு இருக்கிறது. ஒரு துளையை வைத்துப் பாட்டன் பூட்டனை முடிவு செய்ய முடியாது. உங்கள் மச்சான் 2003-ல் இதைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 2015-ல் டி.என்.ஏ. முடிவு வந்த பிறகுதான் பேச்சு மாறியது.

கணக்கன்:

நான் போட்டுப் பார்த்துவிட்டேன். எள்ளுத் தாத்தா, எள்ளுப் பாட்டி வரிசையில் ஒருவனுக்கு 16 பேர். அதில் ஒருவர் நியண்டர்தால் என்றால் 100-ஐ 16-ஆல் வகுக்க, 6.25 சதவீதம். ஒவாசெ 1-ல் இருந்த நியண்டர்தால் டி.என்.ஏ. 6 முதல் 9 சதவீதம் என்கிறார்கள். பொருந்துகிறதே! முடிந்தது கேஸ்.

பல்லவி:

அவ்வளவு சுலபம் இல்லை கணக்கன். ஆறாம் தலைமுறை என்றால் 64 பேர், உங்கள் வழியில் ஒன்றரை சதவீதம்தான் வரும். தவிர, ரொம்பப் பழைய காலத்தில் கலந்தது கொஞ்சம் எல்லோரிடமும் இருந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள இன்றைய மனிதர்களிடமே ஏறக்குறைய 2 சதவீதம் இருக்கிறது. எவ்வளவு கலந்தது என்பதை மட்டும் வைத்து எப்போது கலந்தது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வது நியண்டர்தால் டி.என்.ஏ. துண்டுகளின் நீளம்.

நம் டி.என்.ஏ. ஒரு முழம் மல்லிகைச் சரம், நியண்டர்தாலுடையது ஒரு முழம் கனகாம்பரச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு சரங்களை அங்கங்கே வெட்டி மாற்றிக் கட்டுகிறோம். முதல் சில தலைமுறைகளில் கனகாம்பரம் நீளநீளமாகத் தெரியும். ஆயிரம் தலைமுறை போனால் இங்கே ஒரு பூ, அங்கே ஒரு பூ. இன்று நம்மிடம் இருப்பது அப்படிப்பட்ட கதம்பம். ஒவாசெ 1-ல் 12-ஆவது குரோமோசோமில் (டி.என்.ஏ. சரங்களில் ஒன்று) ஏறக்குறைய பாதி ஒரே ஓட்டமாக நியண்டர்தால். அவ்வளவு நீளம் அறுபடாமல் வர வேண்டுமானால் வெட்டிக் கட்டத் தொடங்கி அதிக நாள் ஆகியிருக்கக் கூடாது. நான்கு முதல் ஆறு தலைமுறை என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

ஊர்சுற்றி:

இப்போது புரிகிறது டாக்டர். மச்சானிடம் இன்னும் இரண்டு கேள்வி பாக்கி. தாடையைத் தொட்டவர்களுடைய டி.என்.ஏ. அதில் ஒட்டியிருக்காதா? அந்த மூதாதை தாத்தாவா, பாட்டியா?

பல்லவி:

ஒட்டியிருந்தது, நிறையவே. பழைய டி.என்.ஏ.வுக்கு ஒரு அடையாளம் உண்டு. துண்டுகளின் நுனியில் சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்து கெட்டுப்போய், வாசிக்கும்போது தைமின் என்ற வேறு எழுத்து மாதிரி வரும். நேற்று தொட்டவன் விட்டுப்போனதில் அந்தச் சேதம் இருக்காது. சேதமானதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள்.

தாத்தாவா பாட்டியா என்பது தெரியவில்லை. ஆனால் எந்த வழி இல்லை என்று சொல்லலாம். ஒவாசெ 1 ஆண். அப்பாவின் அப்பாவின் அப்பா என்று நேராகப் போகும் ஒய் குரோமோசோம் நம் வகை. அம்மாவின் அம்மா என்று போகும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் நம் வகை. அதனால் அந்த நியண்டர்தால் இந்த இரண்டு நேர்வழியிலும் இல்லை. நடுவில் எங்கோ, அப்பாவின் அம்மா வழி, அம்மாவின் அப்பா வழி என்று மாறிப் போன இடத்தில் இருந்திருக்கிறார்.

குகைப்பித்தன்:

ஒரு சின்னச் சேர்க்கை. 2003-ல் அதே குகையில் வேறொருவரின் மண்டையோடும் கிடைத்தது. கல்கருவிதான் ஒன்றுமில்லை, ஆட்கள் அங்கே குடியிருந்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் ஒவாசெ 1 மட்டும் விதிவிலக்கு இல்லை. பல்கேரியாவின் பாச்சோ கிரோ குகையில் கிடைத்த, இதைவிடப் பழைய எலும்புகளிலும் சில தலைமுறைக்கு முந்தைய நியண்டர்தால் மூதாதைகள் தெரிகிறார்கள். அந்த முடிவு 2021-ல் வந்தது.

ஊர்சுற்றி:

அப்படியானால் இன்றைய ஐரோப்பியர்கள் ஒவாசெ ஆளின் வாரிசுகளா?

பல்லவி:

சொல்லும்படியாக இல்லை. பிற்கால ஐரோப்பியர்களோடு தனி நெருக்கம் எதுவும் தெரியவில்லை. அந்தக் கூட்டம் வாரிசு இல்லாமல் போய்விட்ட மாதிரிதான் இருக்கிறது.

ஊர்சுற்றி:

நன்றி டாக்டர். மச்சான் இப்போது டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து அந்தத் துளையைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

பல்லவி:

சதைக்கு அடியில் இருக்கிறது, தெரியாது என்று சொல்லுங்கள். எனக்கே தெரியாது, தடவித்தான் பார்க்கிறேன்.