கருஞ்சீரக எண்ணெயைச் சாப்பாட்டில் சேர்த்தவர்கள் சொல்லுங்களேன்

சேலத்துப் பொண்ணு
எங்க அத்தைக்குப் பல வருஷமா சர்க்கரை. வெந்தயம் 250, ஓமம் 100, கருஞ்சீரகம் 50 கிராம்னு அந்தப் பிரபலமான பொடிக் கணக்கு குடும்ப வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டே இருக்கும். இப்போ பொடி பழசாகிவிட்டது, எண்ணெய் வந்திருக்கிறது. தேனில் கலந்தது, கேப்ஸ்யூல், பிஸ்கட் என்று கடையில் விதவிதமாக வைத்திருக்கிறார்கள். அத்தை ஒரு பாட்டிலை வாங்கியே விட்டார், இன்னும் திறக்கவில்லை. நேரில் பார்த்தவர்கள், சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள். மச்சானோட ஃப்ரெண்டுக்குக் குணமாச்சு ரகக் கதைகள் வேண்டாம்.

செக்குக்காரன், பொள்ளாச்சி
நாங்க ஆட்டிக் கொடுக்கறோமுங்க. கடலை, எள்ளு மாதிரி லேசுப்பட்டதில்ல இது. செக்கு சுத்த ஆரம்பிச்சா அந்த நெடி கண்ணைக் கரிக்கும், பக்கத்துல நிக்க முடியாது. விதையில எண்ணெய் 30-ல இருந்து 40 சதம் இருக்கும்பாங்க. ஆனா செக்குல அத்தனையும் இறங்காதுங்க, பிண்ணாக்குலயே ஒரு பங்கு நின்னுக்கும். பத்து கிலோ போட்டு மூணு கிலோ எண்ணெய் பார்த்தாலே பெரிய விசயம். அதனால முதல்ல விதை விலையைக் கேளுங்க. ஒரு கிலோ விதை விலைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் தர்றாங்கன்னா, உள்ள வேற எண்ணெய் இருக்குதுன்னு அர்த்தம்.

நல்ல எண்ணெய் முதல்ல கசக்கும், அப்புறம் ஓமத்தை மென்னு முழுங்கின மாதிரி தொண்டையில எரியும். சும்மா வழவழன்னு இறங்கினா கொஞ்சம் யோசிங்க. எங்ககிட்ட வாங்கறவங்க பாதிப்பேர் தலைமுடிக்குத்தான் வாங்கறாங்க, அது வேற கதை.

காயல் வாசி, இப்போ ஷார்ஜா
மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் உம்மா தேனில் ஒரு சிட்டிகை விதைப்பொடி குழைத்துக் கொடுப்பார். வயிற்றுப் பொருமல் எனக்கு அதில் அடங்கும். அதற்கு மேல் நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இங்கே கூட வேலை பார்ப்பவர் நாப்லுஸ் ஊர்க்காரர், பாலஸ்தீனர். ஊரிலிருந்து கிஸ்ஹா கொண்டுவந்து கொடுத்தார். வறுத்த கருஞ்சீரகத்தை அரைத்த விழுது, கன்னங்கரேலென்று எண்ணெய் மிதக்கும். அதோடு ரவையும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் கேக் போடுகிறார்கள். பார்க்கப் பயமாக இருந்தது, ஆனால் இரண்டாவது துண்டு நானே கேட்டு வாங்கினேன். துருக்கிக்காரர்கள் ரமலான் ரொட்டி மேல் எள்ளோடு இதையும் தூவுகிறார்கள். வங்காளிகள் பாஞ்ச் போரன் என்ற ஐந்து மசாலாக் கலவையில் போட்டுத் தாளிக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் சாப்பாடாகத்தான் பார்க்கிறார்கள். கரண்டியில் ஊற்றி மூக்கைப் பிடித்துக் குடிக்கும் ஆளை இந்தக் கூட்டத்தில் நான் பார்க்கவில்லை.

டயட்டீஷியன் அக்கா, சென்னை
பேசப்படும் சத்துக்குப் பெயர் தைமோகுவினோன். அது எண்ணெயின் ஆவியாகிற பகுதியில், கொஞ்சமாகத்தான் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு லினோலிக் அமிலம் என்ற சாதாரணக் கொழுப்பு, அது சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாக உண்டு. தைமோகுவினோனுக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. ஆகவே இதில் தாளித்தால் காசுக்குக் கேடு. அடுப்பில் வெந்து வரும் பிஸ்கட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று கம்பெனிக்காரரைத்தான் கேட்க வேண்டும். மோரில், தயிரில், இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெயோடு அரை ஸ்பூன் என்று பச்சையாகச் சேர்ப்பதே சரி.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் ஓரளவு குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், சில வாரங்களே நடந்தவை. பலவற்றில் நோயாளிகள் மாத்திரையையும் விடாமல் போட்டவர்கள். இந்த வரி மட்டும் வாட்ஸ்அப்பில் வராது!

எங்கள் ஓபிக்கு ஓர் அம்மா வந்தார். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை, வெறும் வயிற்றில் இந்த எண்ணெய் இரண்டு ஸ்பூன், போதாதற்கு ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சர்க்கரை மீட்டரில் 58, ரொம்பக் குறைவு. எண்ணெயா பட்டினியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மாத்திரையே சர்க்கரையை இறக்கும்போது, அதே வேலை செய்யக்கூடியதை மேலே ஊற்றுகிறோம் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களும், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கக் கூடாது, சமையலில் போடும் விதைக்குப் பயமில்லை.

திருச்சி மாமி
தோலுக்கும் ஜாக்கிரதை. என் மன்னி பொண்ணு பருவுக்குன்னு அப்படியே முகத்துல தடவிண்டா. மறுநாள் கன்னம் ரெண்டும் செவந்து தடிச்சுப் போச்சு. முழங்கை மடிப்புல ஒரு சொட்டு வெச்சுப் பாத்துட்டு அப்புறம் தடவுங்கோ.

சேலத்துப் பொண்ணு
அத்தை மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், அதுவும் கிளிமிபிரைடுதான். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம், பாட்டிலையும் எடுத்துப் போகிறேன். அவர் சரி என்றால் மோரிலிருந்து ஆரம்பிக்கலாம். அண்ணா, அத்தை வாங்கிய பாட்டில் வெள்ளைக் கண்ணாடி, கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்தார்களாம். அது தேறுமா?

செக்குக்காரன், பொள்ளாச்சி
மோந்து பாருங்க கண்ணு. சிக்கு வாடை அடிச்சா கீழ ஊத்திருங்க.