நெபுலைசர் கொடுத்த பிறகு படபடப்பு, அடுத்த டோஸ் கொடுக்கலாமா? அவசரம்

புதுவார்டு | இரவு 11:08
நெபுலைசர் கொடுத்து ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. நோயாளிக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. நாடி 126. குமட்டுகிறது என்கிறார், ஒரு முறை வாந்தியும் எடுத்தார். 12 மணிக்கு அடுத்த டோஸ். கொடுப்பதா, நிறுத்தி வைப்பதா? நைட் டூட்டியில் தனியாக இருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

கேஸ்ஷீட்_ராணி | 11:11
நெபுலைசர் என்பது மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் கொடுக்கும் மெஷின், சிஸ்டர். அதற்குள் என்ன மருந்து ஊற்றினீர்கள்? வயது என்ன? ஆஸ்துமாவா, சிஓபிடியா (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்)? சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்), பிபி, மூச்சு எண்ணிக்கை எதுவுமே போடவில்லையே. இங்கே பதில் வரும்வரை காத்திருக்காமல் டூட்டி டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

நாடித்துடிப்பு | 11:13
மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால்தான், வேறென்ன. அது வேலை செய்யும் பீட்டா 2 ஏற்பி தசையிலும் இருக்கிறது, அதனால்தான் கை நடுங்கும். எனக்குக் கவலை பொட்டாசியம் பற்றித்தான். இந்த மருந்து பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளிவிடும். கூடவே ஸ்டீராய்டும், சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் போனால் இன்னும் இறங்கும். ஈசிஜி எடுங்கள், எலக்ட்ரோலைட் (ரத்த உப்புகள்) டெஸ்ட் அனுப்புங்கள்.

லெவோ_ரசிகன் | 11:15
சால்பியூட்டமாலின் இன்னொரு வடிவமான லெவோசால்பியூட்டமாலுக்கு மாற்றச் சொல்லுங்கள். படபடப்பே வராது.

கேஸ்ஷீட்_ராணி | 11:16
எந்த இழையிலும் இதே பதில்தானா சார்? சமமான அளவில் கொடுத்து ஒப்பிட்டால் நாடி உயர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தின் பெயரை மாற்றினால் நோயாளி மாறிவிடமாட்டார்.

மூத்தவர்_68 | 11:19
முதல் வருடப் பாடத்தில் இருக்கும் கேள்வி இது. சால்பியூட்டமால் கொடுக்கும் முன்பும் பின்பும் நாடி பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். முன்பு எவ்வளவு இருந்தது? எழுதியிருக்கமாட்டார்கள். எங்கள் காலத்தில் மெட்ரன் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

புதுவார்டு | 11:24
சால்பியூட்டமால் 2.5 மி.கி., கூடவே மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான ஐப்ரட்ரோபியம் 500 மைக்ரோகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 67 வயது ஆண், சிஓபிடி. நெபுவுக்கு முன் நாடி 112, எழுதியிருக்கிறேன் சார். சாச்சுரேஷன் 91, மூக்கு வழி ஆக்சிஜன் 2 லிட்டர். பிபி 140/80. மூச்சு 22. வீசிங் குறைவு. மற்ற மருந்தெல்லாம் வழக்கமானதுதான்.

ஆக்சிஜன்_முதலில் | 11:26
91 தானே இருக்கிறது! ஆக்சிஜனை 6 லிட்டராக்குங்கள். படபடப்பெல்லாம் ஆக்சிஜன் குறைவால்தான்.

மூத்தவர்_68 | 11:27
தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். சிஓபிடி நோயாளி ஆக்சிஜன் குறைவை வைத்துத்தான் மூச்சு விடுகிறார். நிறையக் கொடுத்தால் மூச்சே நின்றுவிடும்.

கேஸ்ஷீட்_ராணி | 11:31
முடிவு சரி, காரணம் பாதிதான். மூச்சுத் தூண்டுதல் குறைவது அதில் ஒரு பங்குதான். காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். ஆக்சிஜன் நிறையக் கொடுத்தால் அவை விரிந்து, ரத்தம் அங்கே வீணாகப் போகும், கார்பன் டை ஆக்சைடு ஏறும். அதனால்தான் சாச்சுரேஷன் இலக்கு 88 முதல் 92. அவர் 91 இல் இருக்கிறார், இலக்குக்குள்தான். நெபுவையும் ஆக்சிஜனில் ஓட்டாமல் சாதாரணக் காற்றில் ஓட்டி, மூக்கில் 2 லிட்டரை அப்படியே தொடர்வதுதான் நல்லது.

ஆக்சிஜன்_முதலில் | 11:33
நாங்கள் ஆம்புலன்ஸில் ஆக்சிஜனில்தான் ஓட்டுகிறோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேஸ்ஷீட்_ராணி | 11:34
ஆம்புலன்ஸில் வேறு வழி இல்லை. அங்கேயும் சிஓபிடி என்றால் ஆறு நிமிடத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். வார்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பது வேறு.

மாத்திரைப்பெட்டி | 11:36
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர், "வழக்கமானது" என்றால் எது எது? 2.5 மி.கி. நெபுவுக்கு ஐந்து மணி நேரம் கழித்தும் இவ்வளவு நடுக்கமா? நெபுவுக்கு முன்பே நாடி 112 வேறு. வாந்தியும் சேர்ந்தால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை போகிறதா? ஆன்டிபயாடிக் ஏதாவது? புகைப்பவரா?

புதுவார்டு | 11:40
ஆமாம், தியோஃபிலின் 300 நீள்வெளியீட்டு மாத்திரை, காலை இரவு. வருடக்கணக்காகப் போடுகிறார், அதனால் சொல்லவில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் நான்கு நாளாக. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர், ஆனால் அட்மிட் ஆனதிலிருந்து ஒன்பது நாளாகத் தொடவில்லை. நல்லதுதானே?

மாத்திரைப்பெட்டி | 11:44
நல்லதுதான், ஆனால் மாத்திரையின் அளவு புகைப்பவருக்காக வைத்தது. புகையில் உள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலின் சிஒய்பி1ஏ2 நொதியைத் தூண்டி தியோஃபிலினை வேகமாகச் சிதைக்கும். வேலை நிகோடினுடையது அல்ல, புகையுடையது, அதனால் நிகோடின் பேட்ச் ஒட்டினாலும் இதே கதைதான். புகையை விட்டதும் சில நாளில் நொதி அடங்கிவிடும், அதே மாத்திரைக்கு ரத்தத்தில் அளவு ஏறும். அதற்கு மேல் சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியையே தடுக்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன.

தியோஃபிலினின் பாதுகாப்பான அளவு ரத்தத்தில் மி.லி.க்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பார்கள், அந்த இடைவெளி ரொம்பக் குறுகியது. மேலே போனால் வாந்தி, நடுக்கம், நாடி ஏற்றம், துடிப்பு ஒழுங்கின்மை. வலிப்பு சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் வரும். இன்றைய இரவு மாத்திரை கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் கையிலேயே வைத்துக்கொண்டு டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள். "தியோஃபிலினோடு சிப்ரோ, ஒன்பது நாளாகப் புகை இல்லை, நாடி 126, வாந்தி" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். ரத்தத்தில் தியோஃபிலின் லெவலும் பொட்டாசியமும் பார்க்கக் கேளுங்கள். மானிட்டர் போடுங்கள். நெபு முடிவும் அவரிடமே.

நாடித்துடிப்பு | 11:46
பொட்டாசியம் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

லெவோ_ரசிகன் | 11:47
மாத்திரையை நசுக்கி ரைல்ஸ் ட்யூபில் (மூக்கு வழி வயிற்றுக்குப் போகும் குழாய்) கொடுத்தீர்களா? நீள்வெளியீட்டு மாத்திரையை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

மாத்திரைப்பெட்டி | 11:48
இது நல்ல கேள்வி. லெவோவைத் தவிர வேறு பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை.

மூத்தவர்_68 | 11:55
ஐப்ரட்ரோபியத்தை மாஸ்க்கில் கொடுத்திருப்பார்கள். கண்ணில் பட்டால் கண்ணின் பாவை விரியும், குளுக்கோமா இருந்தால் கண் அழுத்தம் ஏறும். மவுத்பீஸ் வைக்க வேண்டும் என்று இப்போது யார் சொல்லித் தருகிறார்கள்?

கேஸ்ஷீட்_ராணி | 11:58
நாங்கள் சொல்லித் தருகிறோம் சார். மவுத்பீஸைப் பற்களால் பிடிக்கக்கூட முடியாத நோயாளிக்கு மாஸ்க்கைத்தான் இறுக்கமாக வைக்க முடியும்.

மூத்தவர்_68 | நள்ளிரவு 12:03
ஸ்டீராய்டான புடெசனைட் நெபுவுக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வைப்பதும் இப்போது மறந்துபோன விஷயம். மாஸ்க்கில் கொடுத்தால் முகத்தையும் துடைக்க வேண்டும்.

ஆக்சிஜன்_முதலில் | 12:05
இவருக்கு யார் புடெசனைட் எழுதினார்கள்? கேட்ட கேள்விக்கு வாருங்கள்.

புதுவார்டு | 1:37
டாக்டர் வந்தார். இரவு மாத்திரையை நான் கொடுத்திருக்கவில்லை, நிறுத்தச் சொன்னார். சிப்ரோ மாற்றம். ஈசிஜியில் வேகம் மட்டும்தான். பொட்டாசியம் 3.1, டிரிப்பில் போகிறது. லெவல் காலையில் வரும். 12 மணி நெபுவில் ஐப்ரட்ரோபியம் மட்டும் கொடுத்தோம். மாத்திரை நசுக்கவில்லை, விழுங்குகிறார். அடுத்த பெட்டில் பெல் அடிக்கிறது. நன்றி.

நாடித்துடிப்பு | 1:41
3.1!

மாத்திரைப்பெட்டி | மறுநாள் மாலை 6:20
லெவல் எவ்வளவு வந்தது சிஸ்டர்? வலிப்பு ஏதும் இல்லையே?

லெவோ_ரசிகன் | இரண்டு நாள் கழித்து
நெபுவைத் திரும்பத் தொடங்கும்போது லெவோ கேட்டுப் பாருங்கள்.

மாத்திரைப்பெட்டி | மூன்று நாள் கழித்து
லெவல்?