தி குட் எர்த் படத்துல அன்னா மே வாங்குக்கு ரோல் இல்ல: நடிப்பா, அநியாயமா?

செவ்வந்தி:
நேத்து ராத்திரி தி குட் எர்த் பார்த்தேன், 1937ல வந்த ஹாலிவுட் படம். சீன விவசாயக் குடும்பத்துக் கதை, ஆனா புருஷனா பால் முனி, பொண்டாட்டி ஓ-லானா லூயிஸ் ரெய்னர், ரெண்டு பேருமே வெள்ளைக்காரங்க. லாஸ் ஏஞ்சலஸ்லயே பொறந்து வளர்ந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் அந்த ஓ-லான் ரோலுக்கு ஆசைப்பட்டுக்கிட்டு இருந்தாங்க, ஸ்டுடியோ குடுக்கல, குடும்பத்தைக் கெடுக்குற சின்ன வீடு ரோலுக்கு வேணா வான்னு கூப்பிட்டிருக்காங்க, அவங்க முடியாதுன்னுட்டாங்க. எரிச்சலா வருது.

ரீல்பெட்டி:
நடிப்புன்னாலே இன்னொரு ஆளா மாறுறதுதானே பாஸ்? ரெய்னருக்கு அந்த ரோலுக்கு ஆஸ்காரே குடுத்தாங்க, பாதி படம் வாயே திறக்காம கண்ணுலயே பேசியிருக்கும் அந்தம்மா. இன்னைக்கு நியாயத்தை வெச்சு 1937ஐ அளந்தா எல்லாமே தப்பாத்தான் தெரியும்.

செவ்வந்தி:
ரெய்னர் நல்லா நடிக்கலன்னு நான் எங்க சொன்னேன்? அப்போ ஹேஸ் கோடுன்னு ஒரு தணிக்கை விதி, கலப்பு இன ஜோடியைத் திரையில காட்டக்கூடாதுன்னு. புருஷன் ரோல் வெள்ளைக்காரருக்குப் போனதுமே பொண்டாட்டி ரோலும் வெள்ளைக்காரிக்குத்தான்னு ஆகிப்போச்சு. கதைப்படி ரெண்டு பேரும் சீனாக்காரங்க, ஆனா விதி பார்த்தது மேக்கப்புக்கு அடியில இருக்குற தோலை. மாறுறதுதான் நடிப்புன்னா வாங்குக்கு மட்டும் அந்த சான்ஸ் ஏன் இல்ல?

கடைசிபெஞ்ச்:
சார்லி சானை மறந்துட்டீங்களே, அந்தக் காலத்து ஹாலிவுட் துப்பறியும் படங்களோட ஹீரோ. 1882லேர்ந்து சீனத் தொழிலாளிங்களை உள்ளயே விடாத சட்டம் வெச்சிருந்த நாடு அமெரிக்கா, சினிமாவுல பார்த்தா ஃபூ மான்சூன்னு உலகத்தையே அழிக்க வர்ற சீன வில்லன், அப்படிப்பட்ட நேரத்துல கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற புத்திசாலி போலீஸா ஒரு சீனரைக் காட்டினது சின்ன விஷயமா? சானா நடிச்ச வார்னர் ஓலண்ட் ஸ்வீடன்ல பொறந்தவர்தான், ஒத்துக்கறேன். ஆனா அவர் ஷாங்காய் போனப்ப அங்க உள்ள சனங்களே வரவேற்பு குடுத்திருக்காங்க.

செவ்வந்தி:
புத்திசாலிதான், பேசுறதைக் கேட்டீங்களா? ஹொனலூலுல போலீஸ் அதிகாரி, ஆனா இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் முழுசா வராது, ரெண்டு வரிக்கு ஒரு பழமொழி. மூத்த மகனா வர்ற கீ லூக் நிஜச் சீனர், சரளமா அமெரிக்க இங்கிலீஷ் பேசுறாரு, அவரு வேலை குளறுபடி பண்ணி அப்பாகிட்ட திட்டு வாங்குறது! 1984ல வந்த சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்ல கூட லாங் டக் டாங்னு ஒரு ஆசியப் பையன், அவன் தலை தெரிஞ்சாலே பின்னாடி சேகண்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடிச்சவர் அமெரிக்காவுலயே பொறந்த ஜப்பான் வம்சாவளி.

ரீல்பெட்டி:
எல்லாம் பழங்கதை. 2018ல ஆசிய நடிகர்களை வெச்சே கிரேஸி ரிச் ஏசியன்ஸ், 2023ல ஆசிய நடிகர்களான மிஷெல் யோவுக்கும் கீ ஹுய் குவானுக்கும் ஆஸ்கார். இன்னும் என்ன வேணுமாம்?

செவ்வந்தி:
குவானா? சின்னப் பையனா இண்டியானா ஜோன்ஸ்ல கலக்கினவரு, வளர்ந்ததும் ரோலே கிடைக்காம கேமராவுக்குப் பின்னாடி சண்டைக்காட்சி வேலைக்குப் போயிட்டாரு. அந்த வருஷத்தை எல்லாம் ஆஸ்கார் திருப்பித் தருமா?

சிங்கைவாசி:
நடுவுல வர்றதுக்கு சாரி. கிரேஸி ரிச் ஏசியன்ஸ் எங்க ஊர் சிங்கப்பூர்க் கதை, தமிழ் இங்க ஆட்சிமொழில ஒண்ணு. படத்துல நம்ம கலர்ல என் கண்ணுல பட்டது மாளிகை வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற காவலாளிங்க, கார்ல வர்ற ரெண்டு பொண்ணுங்களும் அவங்களைப் பார்த்து மிரளுதுங்க. அவ்ளோதான் நாங்க.

கடைசிபெஞ்ச்:
அப்போ அந்தப் படத்தையும் திட்டணுங்கறீங்களா?

சிங்கைவாசி:
திட்டல. தியேட்டர்ல ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் அந்த சீன் வந்தப்ப பாப்கார்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.